சேர்வராயன் மலையில் மண்பாதை பைக் நிகழ்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஏற்காடு அடிவாரத்து டீக்கடையில் மண் அப்பிய பைக்கோடு நின்றால் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள். பாதிப் பேர் ஆசையில் கேட்பார்கள், மீதிப் பேர் கோபத்தில். சேர்வராயன் மலைக் காட்டுப் பாதைகளில் பைக் நிகழ்ச்சி எதற்குமே அனுமதி தரக் கூடாது, முழுத்தடை போட்டு முடித்துவிட வேண்டும் என்பவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். நான் அந்த முழுத்தடைக்கு எதிரானவன். சேலத்துக்காரன், பன்னிரண்டு வருஷமாக மண்பாதையில் வண்டி ஓட்டுகிறேன், சில நிகழ்ச்சிகளுக்குத் தடம் பார்க்கும் வேலையும் செய்திருக்கிறேன். சொன்னதையே சொல்லி அலுத்துப்போனதால் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

ஆஃப்ரோடுன்னா என்னங்க? ரோடே இல்லாத காட்டுக்குள்ள பூந்து ஓட்டறதா?

இல்லை. பெயர்தான் குழப்புகிறது. தார் போடாத பாதை என்று புரிந்துகொள்ளுங்கள். மாட்டுவண்டித் தடம், எஸ்டேட் ஜீப் பாதை, வனத்துறை வண்டி போகும் மண் ரோடு, இவைதான் எங்களுக்கு வேண்டியவை. புதருக்குள் புதுவழி வெட்டிக்கொண்டு போகிறவன் எங்கள் ஆள் இல்லை.

இதிலும் வகைகள் உண்டு. மோட்டோகிராஸ் என்றால் மேடும் பள்ளமும் கட்டிய ஒரு வளையத்துக்குள் வேகப்போட்டி. அதற்குக் காடே தேவையில்லை, ஒரு காலி மைதானம் போதும். எண்டூரோ வேறு. நீண்ட தூரம், ஒவ்வொரு சோதனை இடத்துக்கும் ஒரு நேரம் குறித்திருக்கும். பிந்தினாலும் புள்ளி போகும், முந்திப்போய் நின்றாலும் புள்ளி போகும். நடுவே சில துண்டுகளில் மட்டும் வேகத்தை அளப்பார்கள். டிரெயல் ரைடு என்பதில் போட்டியே கிடையாது, ஒருவர் பின் ஒருவராகப் போய்த் திரும்புவதுதான். இந்தப் பக்கத்தில் நான் பேசுவது பின்னால் சொன்ன இரண்டைப் பற்றி.

ஏற்காடு ரோட்டின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் முட்டி தேயச் சாய்த்துக்கொண்டு பஸ்ஸை முந்துகிறார்களே, அவர்களையும் எங்கள் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அது தார் ரோடு, அது போலீஸ் வேலை.

காப்புக்காட்டுல நுழையவே தடை இருக்கே. அப்புறம் நீங்க எந்தத் தடையை எதிர்க்கறீங்க?

சரியான கேள்வி. தமிழ்நாடு வனச் சட்டம் 1882ஆம் வருஷத்தது. காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவதே அதன் 21ஆம் பிரிவின்படி குற்றம், நடந்து போனாலும் சரி, பைக்கில் போனாலும் சரி. அதை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டம் இன்னும் கெடுபிடியானது. அங்கே நிகழ்ச்சி வைக்க அனுமதி கேட்பதே தப்பு என்று நினைக்கிறேன்.

நான் எதிர்ப்பது இதைத்தான். இப்போது ‘அனுமதி இல்லாமல் கூடாது’ என்று இருக்கிறது. முழுத்தடை கேட்பவர்கள் இதை ‘அனுமதியே கூடாது’ என்று மாற்றச் சொல்கிறார்கள். முதலாவதில் ஒரு கதவு இருக்கிறது, பூட்டும் இருக்கிறது, சாவி அதிகாரி கையில் இருக்கிறது. இரண்டாவதில் கதவு இருந்த இடத்தில் சுவர் எழுப்பியாகிவிடும். இன்னும் சிலர் காட்டை ஒட்டிய எஸ்டேட் பட்டா நிலத்திலும் கூடாது என்கிறார்கள். அதையும் சேர்த்தே எதிர்க்கிறேன்.

நிகழ்ச்சின்னு பேர் வெச்சா மட்டும் வண்டி மெதுவாப் போகுமா? வண்டி வண்டிதானே?

வண்டி ஒன்றுதான். ஓட்டுகிறவனைப் பிடிக்க முடியுமா என்பதில்தான் வித்தியாசம். ஒழுங்காக நடத்தும் நிகழ்ச்சியில் ஒவ்வொருவரின் பெயரும் உரிமமும் பதிவாகியிருக்கும், வண்டி முன்னால் பெரிதாக எண் ஒட்டியிருக்கும், எல்லோருக்கும் கடைசியாக ஒரு வண்டி பெருக்கிக்கொண்டு வரும். எந்த நாள், எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் முடியும் என்பது வனவர் கையில் தாளாக இருக்கும். ஏதாவது சேதம் என்றால் கட்டிவைத்த முன்பணத்தில் கைவைக்கலாம்.

மற்றவன் எப்படி வருகிறான்? நம்பர் பிளேட்டை மேலே மடித்துவிட்டு, விடுமுறை நாளில் மூன்று நான்கு வண்டியாக. அவனைத் தடை தடுக்காது, ஏனென்றால் அவனுக்கு இப்போதே தடைதான். முழுத்தடை வந்தால் நிற்கப்போவது தாள் கொடுத்துவிட்டு வருகிறவன் மட்டும். நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

மழைல அந்தப் பாதையைப் பாத்திருக்கீங்களா? உங்க டயர் போன எடமெல்லாம் ஓடையாக் கெடக்குது.

பார்த்திருக்கிறேன். ஒன்றை நானே உண்டாக்கியும் இருக்கிறேன்.

ஓட்ட ஆரம்பித்த இரண்டாவது வருஷம் ஐப்பசி மழை விட்ட மறுநாள், ஆறு பேர் ஒரு வண்டித்தடத்தில் ஏறினோம். மேலே செம்மண், அடியில் வழுக்கல். ஏற்றத்தில் பின்சக்கரம் பிடிக்காமல் சுற்ற, பட்டன் டயர் மண்ணை வாரி வாரி இறைத்தது. ஆறு வண்டியும் ஒரே கோட்டில் ஏறியதில் முழங்கை ஆழத்துக்கு ஒரு காடி விழுந்தது. அன்றைக்கு அது எங்களுக்குச் சாகசம், போட்டோவெல்லாம் எடுத்துக்கொண்டோம். பத்து நாள் கழித்து அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட்டிப்போய்க் காட்டினார். அடுத்த மழைத்தண்ணீர் முழுக்க எங்கள் காடியிலேயே இறங்கி, அதை இடுப்பளவு அறுத்திருந்தது. அவர் மிளகு மூட்டையைத் தலைச்சுமையாக இறக்க வேண்டியதாகிவிட்டது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஆறு பேரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போய், கல் அடுக்கி மண் கொட்டி மூடினோம். கை கொப்பளித்துப்போனது.

அதில் கற்றது என்னவென்றால், சேதம் செய்வது டயர் மட்டும் இல்லை, தண்ணீர். டயர் வழி காட்டுகிறது, தண்ணீர் அறுக்கிறது. அதனால் தடம் பார்க்கும்போது சரிவை நேர்க்கோட்டில் ஏறும் பாதையை முதலில் தள்ளிவிட வேண்டும், சரிவைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையைத்தான் எடுக்க வேண்டும். பாதைக்குக் குறுக்கே சாய்வாகச் சிறு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். மண்ணைக் கையில் பிடித்து உருட்டினால் உருண்டையாக நிற்கிற ஈரம் இருந்தால் அன்றைக்கு நிகழ்ச்சி ரத்து, யார் எங்கிருந்து வந்திருந்தாலும். இவையெல்லாம் அனுமதியின் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். நிபந்தனை எழுத அனுமதி என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

காட்டெருமை குறுக்க வந்தா என்ன பண்ணுவீங்க?

எஞ்சினை அணைத்துவிட்டு நிற்போம். ஹாரன் கிடையாது, கத்தல் கிடையாது. வளர்ந்த காட்டெருமைக் கிடா ஒரு டன் எடை வரும். எங்கள் வண்டி 160 கிலோ பக்கம். யார் ஒதுங்க வேண்டும் என்பதில் குழப்பம் ஏதும் இல்லை.

அவை மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். அதனால் வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பிற்பகலிலேயே முடித்துவிட வேண்டும். இரவு ஓட்டம் என்ற பேச்சே வேண்டாம். சோலைக்காட்டுத் துண்டுகளையும் ஓடைக்கரையையும் தடத்திலிருந்து விலக்கிவிட வேண்டும். இவ்வளவு செய்தாலும் விலங்குகளுக்குத் தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் தொந்தரவா, வாராவாரம் கேட்பாரற்ற தொந்தரவா என்பதுதான் பேச்சு.

சத்தம் காதைக் கிழிக்குதுங்க. அதுக்கு என்ன பதில்?

உங்கள் பக்கம்தான் நியாயம். 175 சிசிக்கு மேற்பட்ட பைக் கம்பெனியிலிருந்து வெளியே வரும்போது ஓட்டச் சத்தம் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சைலன்சரைக் கழற்றி வேறு மாட்டியவன்தான் ஊரை எழுப்புகிறான். புறப்படும் இடத்தில் சத்தமானி வைத்து அளந்து, மீறினால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஒருமுறை என் சொந்த மச்சானையே திருப்பி அனுப்பினேன். இரண்டு மாதம் பேசவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் வந்தபோதுதான் சமாதானம்.

குரங்கணி மறந்துபோச்சா?

மறக்கவில்லை. 2018 மார்ச் 11, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ, மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிர் போனது. அதற்குப் பிறகு அரசு என்ன செய்தது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். முதலில் மலையேற்றத்தை நிறுத்தியது. அதே வருஷம் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே முன்னின்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு, கட்டணம், கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. நம் சேலம் மாவட்டத்துப் பாதைகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

அவ்வளவு பெரிய துயரத்துக்குப் பிறகும் நிரந்தரத் தடை என்று அரசு நிற்கவில்லை. அதே முறையில் ஒரு விதி எங்களுக்கும் வேண்டும். ஆனால் நடப்பவனுக்கும் எங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். எங்களிடம் பெட்ரோல் இருக்கிறது, கொதிக்கும் சைலன்சர் இருக்கிறது. காய்ந்த புல்லில் வண்டியைச் சாய்த்தாலே போதும். அதனால் தீக்காலத்தில் ஒரு வண்டிகூட உள்ளே போகக் கூடாது. இதில் பேரமே இல்லை.

மலை ஊர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

ஆரம்ப காலத்தில் கேட்கவில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். வனத்துறை சரி என்றால் போதும் என்று நினைத்தோம். அந்தத் தடங்கள் எங்களுக்காகப் போட்டவை இல்லை. நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் பக்கத்து மலையாளிப் பழங்குடி ஊர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து தேய்த்த பாதைகள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் நோயாளியைத் தூக்கி வருவதும் அவற்றில்தான்.

2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் காட்டையும் அதன் உயிர்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்கும் கொடுத்திருக்கிறது. என் கருத்தில் முதல் கையெழுத்து கிராமசபையுடையது. அவர்கள் வேண்டாம் என்றால் வனத்துறைக்கு மனு எழுதும் வேலையே இல்லை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா நடக்கும்போது மலை முழுக்கச் சனம் நடக்கும், அந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது. நிகழ்ச்சிப் பணத்தில் பாதைச் செப்பனிடும் பங்கு ஊருக்கு முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும், நன்றியுரையில் அல்ல.

எஸ்டேட்டுக்குள்ளயே வெச்சுக்கலாமே, காட்டுப் பாதை எதுக்கு?

முடிந்தவரை அப்படித்தான் செய்ய வேண்டும். சிக்மகளூரில் கார் ராலி காப்பித் தோட்டங்களுக்குள்தான் ஓடுகிறது. கோவை ராலி கேத்தனூர் காற்றாலைப் பக்கத்து மண்பாதைகளில் ஓடியிருக்கிறது. ஏற்காட்டில் 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்தது. சில்வர் ஓக் நிழலில் தோட்டமும் தோட்டத்துக்குள் ஜீப் பாதையும் தாராளமாக இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே ஒரு துண்டு காட்டுப் பாதை வந்துவிடும். நாங்கள் கேட்பது பெரும்பாலும் அந்த இணைப்புத் துண்டுகளைத்தான்.

காலக்கணக்கையும் பாருங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பறிப்பு, ஆள் நடமாட்டம் அதிகம், தோட்டக்காரர் உள்ளே விட மாட்டார். பிப்ரவரியிலிருந்து தீக்காலம். மார்ச், ஏப்ரலில் பூமழை விழுந்து காப்பி பூக்கும்போது செடிப்பக்கம் தூசி கிளப்பக் கூடாது. மே மாதம் கோடை விழாக் கூட்டம், கோயில் திருவிழா. ஆகஸ்டிலிருந்து மழை வலுக்கும். மிச்சம் ஜூன், ஜூலை. அதிலும் மண் காய்ந்த வாரக்கடைசி இரண்டோ மூன்றோதான். வருஷம் முழுக்க மலையைக் குத்தகைக்குக் கேட்கிறோம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

வெள்ளைக்கல் சுரங்கத்துல அத்தனை குழி கெடக்குதே, அங்க போய் ஓட்டுங்களேன்?

இதைக் கேட்பவர் கட்டாயம் அந்த மேக்னசைட் சுரங்கங்களுக்குப் பக்கத்திலுள்ள சூரமங்கலத்துக்காரராகத்தான் இருப்பார். ஆசைதான். முதல் பதிலில் சொன்ன மோட்டோகிராஸுக்கு அதைவிட நல்ல இடம் சேலத்தில் கிடையாது. ஆனால் அவை குத்தகை நிலங்கள், 1952ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்தின் கீழ் வருபவை, கண்டவர் நுழைய முடியாது. கைவிட்ட ஒரு குழியைச் சமன்செய்து அரசு மைதானமாகக் கொடுத்தால் முதல் ஆளாக மாலை வாங்கிக்கொண்டு வருகிறேன். எண்டூரோவுக்கு மட்டும் நீண்ட பாதை வேண்டும், குழிக்குள் சுற்றிச் சுற்றி வர முடியாது.

வெளிநாட்டுல எல்லாம் காட்டுக்குள்ள விடறாங்களா?

மூன்று விதமாகச் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1972இல் அதிபர் நிக்சன் போட்ட ஆணைப்படி பொதுநிலங்களில் எந்தப் பாதையில் வண்டி ஓடலாம், எதில் கூடாது என்று குறிக்க வேண்டியதாயிற்று. 2005இல் தேசிய வனங்களுக்கு அந்த விதி இன்னும் இறுகியது, குறித்த பாதையை விட்டு விலகினால் குற்றம். 75 பேர் அல்லது அதற்கு மேல் கூடும் நிகழ்ச்சிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். பிரான்சில் 1991ஆம் வருஷத்துச் சட்டம் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்த வழியைத் தவிர இயற்கைப் பகுதியில் மோட்டார் வண்டி ஓட்டுவதைத் தடுக்கிறது, நிகழ்ச்சிக்கு மட்டும் அனுமதி வாங்கலாம். வேல்ஸில் உலக ராலியின் கட்டங்கள் 2019 வரை அரசுக் காடுகளின் மண் ரோடுகளில் ஓடின. பாதையைச் செப்பனிடும் செலவு ராலி நடத்துபவர்கள் தலையில்.

எனக்கு மிகவும் பிடித்தது பிரான்ஸ் வழி. தனியாளுக்கு இல்லை, பொறுப்பேற்கும் அமைப்புக்கு உண்டு. நம் ஊரில் சிலர் கேட்பது இதற்கு நேர்த் தலைகீழ்.

போட்டி நடத்த யார்கிட்டதான் அனுமதி வாங்கணும்?

மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி, அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் வேகப்போட்டி நடத்துவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல்முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். இதோடு காட்டுப் பாதை என்றால் மாவட்ட வன அலுவலர், ஊர்ப் பாதை என்றால் ஊராட்சி, கூடவே காவல்துறை. போட்டி என்றால் எஃப்எம்எஸ்சிஐ என்ற இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் அங்கீகாரம் வேண்டும். அவர்கள் விதிப்படி மருத்துவர், ஆம்புலன்ஸ், காப்பீடு எல்லாம் தயாராக இருக்க வேண்டும். மேலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு இறங்க வேண்டிய தூரத்தை நினைத்தால் இது எதுவும் அதிகமில்லை.

பதினெட்டு நிரம்பாத பையனை அழைத்துவரும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. பொதுவழியில் அவன் பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உங்களுக்கு.

இதெல்லாம் பணக்காரப் பசங்க பொழுதுபோக்குதானே?

எங்கள் கூட்டத்தில் ஒருவர் வெள்ளிப்பட்டறை வைத்திருக்கிறார், ஒருவர் லேத்தில் வேலை, இருவர் மெக்கானிக். பழைய வண்டியை வாங்கித் தாங்களே பிரித்து மாட்டிக்கொள்கிறார்கள். பணக்காரப் பசங்களும் உண்டு. அவர்கள் முதல் ஏற்றத்திலேயே கிளட்ச் தட்டைக் கருக்கிவிடுவார்கள், அதைக் கழற்றிக் கொடுப்பதும் அந்த மெக்கானிக்தான்.

இன்னைக்கு நாப்பது வண்டிக்கு விட்டா நாளைக்கு நானூறு வராதா? பாதையைக் காட்டிக் குடுத்ததே நீங்கதான்னு ஆகாதா?

இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது சுலபம். அனுமதியிலேயே இத்தனை வண்டிதான் என்று எழுதலாம், ஒரே பாதையை அடுத்த வருஷம் ஓய்வில் விடலாம். கஷ்டம் இரண்டாவது பாதிதான். நிகழ்ச்சிக்கு வந்தவன் அடுத்த மாதம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு அதே தடத்துக்கு வருகிறான். போனில் பதிவான வழித்தடத்தை எங்கோ ஏற்றிவிடுகிறான். இது நடந்திருக்கிறது.

நாங்கள் செய்வது, வழித்தடத்தை முன்கூட்டிக் கொடுக்காமல் அம்புக்குறி வைத்து மட்டும் நடத்துவது, முடிந்த அன்றே அம்புகளைப் பிடுங்கிவிடுவது, திரும்பப் போனவன் என்று தெரிந்தால் பெயரை வனவரிடமே கொடுத்துவிடுவது. இது முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே சொன்னதுபோல், அவன் பெயர் எங்கள் பட்டியலில் இருப்பதால்தான் கொடுக்கவாவது முடிகிறது.

நிபந்தனையை நீங்களே மீறினா?

முன்பணம் போக வேண்டும், அந்த அமைப்புக்கு மூன்று வருஷம் அனுமதி மறுக்க வேண்டும். எங்கள் குழுவாக இருந்தாலும் சரி. மீறிய குழுவுக்குத் தண்டனை என்பது நியாயம். மீறாத எல்லோருக்கும் சேர்த்துத் தடை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நானும் வரலாமாண்ணா? என்ன கொண்டு வரணும்?

வாங்க. தலைக்கவசம், முட்டிக்காப்பு, கணுக்காலை மூடும் ஷூ, கழற்றாத சைலன்சர். முதல் நிகழ்ச்சியில் நீங்கள் வண்டி ஓட்ட முடியாது. அதற்கு மறுநாள் தடத்தில் காடி மூட வரவேண்டும். மண்வெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள், எங்களிடம் ஆறுதான் இருக்கிறது, அதில் ஒன்றுக்குப் பிடி ஆடுகிறது.